கோப்பு மேலாளரில் கட்டளைத் தொடர்கள்: பிழை காணும் முறையும் நிலைச் செய்தியும்

கணிப்பொறியில் ஒரே வேலையைப் பலமுறை செய்ய நேரும்போது, அவ்வேலைக்குரிய கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, வேண்டும்பொழுது அக்கோப்பை இயக்குவது எளிய வழியாகும். இவ்வாறு எழுதப்படும் கோப்பு ஸ்கிரிப்ட் அல்லது கட்டளைத் தொடர் எனப்படும். களத்தில் எடுத்த படங்களுக்கு நாள்வாரியாகப் பெயரிடுதல், மாணவர்களின் விடைக் கோப்புகளை வகுப்புவாரியாகப் பிரித்தல், அறிக்கைகளை நகலெடுத்துப் பாதுகாத்தல் முதலிய வேலைகளுக்குரிய தொடர்களைக் களப்பணியாளரும் ஆசிரியரும் சிறிது பயிற்சியுடன் தாமே எழுதிக்கொள்ளலாம்.

ஆயினும், தொடக்க நிலையில் உள்ளோர் எழுதும் தொடர் முனையச் சாளரத்தில் நன்கு இயங்கிவிட்டு, கோப்பு மேலாளரின் பட்டியிலிருந்து இயக்கும்போது யாதொரு பயனும் தராமல் நின்றுவிடுவதுண்டு. திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. வேலை முடிந்ததா, பாதியில் நின்றதா, தொடங்கவே இல்லையா என்று அறிய வழியில்லை. இதனினும் கேடு விளைப்பது ஒன்றுண்டு. வேலை முடியாதிருக்கும்போதே ‘முடிந்தது’ என்னும் செய்தி திரையில் தோன்றுவதே அது. அச்செய்தியை நம்பி மெமரி கார்டைத் துடைத்துவிட்டால், ஒரு நாள் முழுதும் வயல் வயலாகச் சென்று எடுத்த படங்கள் மீண்டும் கிட்டா.

எனவே, கட்டளைத் தொடரில் பிழை காணும் முறையும், தொடர் தன் நிலையைப் பயனாளருக்கு அறிவிக்கும் முறையும் ஒருங்கே கற்க வேண்டியவையாகும். இவ்விரண்டும் இங்கு விளக்கப்படுகின்றன. கட்டளைச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. கணிப்பொறியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடையில் புள்ளியின்றித் தட்டுதல் வேண்டும்.

நாட்டிலஸ் கோப்பு மேலாளர்

லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவலாக வழங்கும் ஜினோம் மேசைச் சூழலின் கோப்பு மேலாளருக்கு நாட்டிலஸ் என்பது பெயர். ஈஸல் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் இதனை உருவாக்கினர். இதன் முதற் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அந்நிறுவனம் அதே ஆண்டில் மூடப்பட்டபோதிலும், மூல நிரல் அனைவர்க்கும் உரியதாக இருந்தமையால் ஜினோம் திட்டத்தார் அதனைத் தொடர்ந்து வளர்த்து வருகின்றனர். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸின் பல பதிப்புகளிலும் ஜினோம் சூழலே அமைந்திருந்தது. நாட்டிலஸிலிருந்து கிளைத்த நெமோ, காஜா என்னும் கோப்பு மேலாளர்களிலும் இங்குக் கூறப்படும் முறை, கோப்புறைப் பெயர் முதலிய சிறு மாறுதல்களுடன், பொருந்தும்.

பயனாளரின் வீட்டுக் கோப்புறையில் ‘.லோக்கல்’ என்பது ஒன்று. அதனுள் ‘ஷேர்’, அதனுள் ‘நாட்டிலஸ்’, அதனுள் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்று கோப்புறைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இறுதியிற் கூறிய கோப்புறையில் ஒரு கட்டளைத் தொடரை வைத்தால், கோப்புகளைத் தேர்ந்து வலப் பொத்தானை அழுத்தும்போது தோன்றும் பட்டியில் அத்தொடரின் பெயர் காணப்படும். புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புறைகள் இயல்பாக மறைந்திருக்கும். கண்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் அவை வெளிப்படும்.

செய்தி எங்கே செல்கின்றது?

லினக்ஸில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று வழிகள் உண்டு. முதலாவது உள்ளீட்டு வழி. இதன் எண் 0. இரண்டாவது வெளியீட்டு வழி, எண் 1. மூன்றாவது பிழை வழி, எண் 2. நிரல் தன் வேலையின் பயனை வெளியீட்டு வழியிலும், தனக்கு நேர்ந்த தடையைப் பிழை வழியிலும் அனுப்புகின்றது.

பிழைக்கெனத் தனி வழி ஏற்பட்ட வரலாறு இப்பாடத்திற்குப் பொருத்தமானது. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் முறைமையைக் கொண்டு ஒளி அச்சுக்கோப்புப் பொறியை இயக்கி வந்தனர். அக்காலத்தில் பயனும் பிழையும் ஒரே வழியிற் சென்றன. அதனால் பிழைச் செய்தி பயனாளரின் முனையத்திற்கு வாராமல், அச்சுக்கோப்புத் தாளில் அழகாக அச்சாகி வெளிவந்தது, தாளும் வீணாயிற்று. இவ்வாறு பலமுறை நேர்ந்த பின்னரே பிழைச் செய்திக்குத் தனி வழி வகுக்கப்பட்டது. செய்தி உண்டாதல் மட்டும் போதாது, உரியவர் கண்ணில் படும் இடத்திற்கு அது வந்து சேரவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

முனையச் சாளரத்தில் ஒரு தொடரை இயக்கினால், வெளியீட்டு வழியும் பிழை வழியும் அச்சாளரத்திலேயே முடிகின்றன. ஆகவே இருவகைச் செய்தியும் கண்ணுக்குத் தெரிகின்றன. கோப்பு மேலாளரிலிருந்து இயக்கும்போது அத்தகைய சாளரம் இல்லை. எக்கோ என்னும் கட்டளை எழுதும் சொற்களும், கட்டளைகள் தெரிவிக்கும் பிழைகளும் திரைக்கு வருவதில்லை. நாட்டிலஸ் சாளரத்தின் கீழ் மூலையில் தேர்ந்த கோப்புகளின் எண்ணிக்கையைக் காட்டும் சிறு பட்டை உண்டு. எனினும் கட்டளைத் தொடர் அதில் எழுத இயலாது. ஆகவே, தொடர் பேச வேண்டுமாயின் அதற்குரிய சாளரத்தைத் தொடரே திறத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

களப்பணியாளர் ஒருவர் மெமரி கார்டிலுள்ள படங்களைத் தேர்ந்து, அலுவலகக் கோப்புறைக்கு மாற்றும் தொடர் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். தொடக்க நிலையில் அது பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

1. தேர்ந்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்க.
2. சி.பி. கட்டளையால் அலுவலகக் கோப்புறைக்கு நகலெடுக்க.
3. ஆர்.எம். கட்டளையால் கார்டிலுள்ள மூலத்தை நீக்குக.
4. எல்லாக் கோப்புகளும் ஆனபின் ‘முடிந்தது’ என்று காட்டுக.

பார்வைக்கு இதில் குறையொன்றும் தோன்றாது. ஆனால் அலுவலகக் கணிப்பொறியின் வட்டில் இடமில்லாமற் போயிற்று என்க. சி.பி. தோல்வியுறும், அதன் முறையீடு பிழை வழியிற் சென்று மறையும். பாஷ் என்னும் கட்டளை விளக்கி, ஒரு கட்டளை தோற்றதற்காகத் தொடரை நிறுத்துவதில்லை. அடுத்த வரிக்குச் செல்லும். அடுத்த வரி மூலத்தை நீக்குகின்றது. ஆர்.எம். நீக்கும் கோப்பு குப்பைத் தொட்டிக்கும் செல்வதில்லை. எல்லாப் படங்களும் இவ்வாறே அழிந்தபின், நான்காம் வரி ‘முடிந்தது’ என்று தவறாமல் அறிவிக்கும். அச்செய்தி உணர்த்துவது, தொடரின் கடைசி வரி எட்டப்பட்டது என்பதை மட்டுமே. படங்கள் போய்ச் சேர்ந்தனவா என்பதற்கு அது சான்றாகாது.

பிழை காணும் ஒழுங்கு

தொடர் இயங்கவில்லையெனில் வரிகளை மனம்போனபடி மாற்றிப் பார்த்தல் காலத்தை வீணாக்கும். கீழ்க்காணும் வரிசையில் சோதித்து வருதல் நன்று. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாயிருந்தால் மட்டுமே பொருளுடையதாகும்.

முதற்படி: தொடரின் பெயர் பட்டியில் தோன்றுகின்றதா? தோன்றாவிடின், கோப்பு உரிய இடத்தில் இல்லை. அல்லது அதற்கு இயக்க உரிமை வழங்கப்படவில்லை. புதிதாக எழுதிச் சேமித்த கோப்புக்கு இயக்க உரிமை தானாக வருவதில்லை. கோப்பின் பண்புகள் சாளரத்திலோ, சி.எச்.மாட் கட்டளையாலோ அதனை வழங்கலாம்.

இரண்டாம் படி: முதல் வரி சரியானதா? தொடரின் முதல் வரி #! என்னும் இரு குறிகளுடன் தொடங்கி, அதனை விளக்கும் நிரலின் முழு முகவரியைக் கொண்டிருத்தல் வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் எழுதிய கோப்பின் ஒவ்வொரு வரியிறுதியிலும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எழுத்து மிகுதியாக இருக்கும். அவ்வெழுத்தும் முகவரியின் பகுதியாகக் கொள்ளப்படுவதால், அத்தகைய விளக்கி இல்லையென்று தொடர் தொடங்காமலே நின்றுவிடும். திரையில் வரிகள் அனைத்தும் செம்மையாகத் தோன்றுவதால் இப்பிழை பலரை மயக்குகின்றது. டாஸ்2யூனிக்ஸ் என்னும் சிறு நிரல் அம்மிகை எழுத்துகளை நீக்கிவிடும்.

மூன்றாம் படி: எழுத்துப் பிழை உண்டா? பாஷ் நிரலை -என் என்னும் குறியுடன் அழைத்தால், அது தொடரை இயக்காமல் இலக்கணத்தை மட்டும் சோதிக்கும். -எக்ஸ் என்னும் குறியுடன் அழைத்தால், ஒவ்வொரு கட்டளையையும் இயக்குமுன் அது எவ்வாறு விரிந்தது என்று காட்டும். இரண்டாவது முறையில் தொடர் உண்மையாகவே இயங்குமாதலால், மாதிரிக் கோப்புகளைக் கொண்டே இதனைச் செய்தல் வேண்டும்.

நான்காம் படி: கோப்புப் பெயர்கள் வந்து சேர்ந்தனவா? நாட்டிலஸ், தேர்ந்த கோப்புகளின் பெயர்களைத் தொடருக்கு அளிக்கின்றது. $# என்பது அவற்றின் எண்ணிக்கை. தொலைவிலுள்ள கணிப்பொறியின் கோப்புறையைத் திறந்து அங்கிருந்து இயக்கினால், பெயர்கள் வாராமல் எண்ணிக்கை 0 ஆகலாம். ஆகையால் தொடரின் தொடக்கத்திலேயே எண்ணிக்கையைச் சோதித்து, 0 எனில் ‘கோப்பு எதுவும் கிட்டவில்லை’ என்று கூறி நிறுத்துதல் முறையாகும்.

ஐந்தாம் படி: பெயர்களில் இடைவெளி உண்டா? ‘வயல் 12’ என்னும் பெயரை மேற்கோட் குறியின்றிப் பயன்படுத்தினால், பாஷ் அதனை ‘வயல்’, ‘12’ என இரு கோப்புகளாகப் பிரித்துவிடும். நகலெடுக்கும் கட்டளை அப்பெயருடைய கோப்பு இல்லையென்று முறையிடுவதுடன் நிற்கும். நீக்கும் கட்டளையோ, ‘12’ என்று வேறொரு கோப்பு அக்கோப்புறையில் இருக்குமாயின் அதனை அழித்துவிடும். எனவே "$1" என்றும் "$@" என்றும் இரட்டை மேற்கோட் குறிகளுக்குள் எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளல் வேண்டும்.

ஆறாம் படி: சூழல் வேறுபடுகின்றதா? முனையச் சாளரம் திறக்கும்போது பாஷ் தனக்குரிய அமைப்புக் கோப்பைப் படித்துக்கொள்கின்றது. கோப்பு மேலாளரிலிருந்து இயங்கும் தொடர் அக்கோப்பைப் படிப்பதில்லை. அதனால் முனையத்தில் கிட்டிய ஒரு கட்டளை இங்குக் கிட்டாமற் போகலாம். அக்கட்டளையின் முழு முகவரியை எழுதினால் இக்குறை நீங்கும்.

இப்படிகள் அனைத்திற்கும் துணையாவது பதிவுக் கோப்பாகும். தொடரின் இரண்டாம் வரியில் எக்ஸெக் என்னும் சொல்லையும், 2>> என்னும் குறியையும், ஒரு கோப்பின் முகவரியையும் எழுதினால், அதன்பின் எழும் பிழைச் செய்திகள் யாவும் அக்கோப்பில் வரிசையாகச் சேரும். மறைந்துபோகும் செய்திகளைத் தேக்கி வைக்க இதனினும் எளிய வழி இல்லை. ஆனால் முதல் வரியே பிழையாயின் பதிவுக் கோப்பும் வெறுமையாகவே இருக்கும். வெறுமையான பதிவும் இரண்டாம் படியைச் சுட்டும் குறிப்பாகும்.

நிலைச் செய்தியின் வகைகள்

பிழை நீங்கிய தொடரும் தன் நிலையைப் பயனாளருக்கு உணர்த்துதல் வேண்டும். அதற்கு மூன்று முறைகள் உள்ளன.

ஒன்று, மறையும் அறிவிப்பு. நோட்டிஃபை-செண்ட் என்னும் கட்டளை திரையின் ஓரத்தில் சில நொடிகள் ஓர் அறிவிப்பைக் காட்டும். பயனாளர் வேறு வேலையில் ஈடுபட்டிருந்தால் அதனைக் காணாமல் விடக்கூடும். ஆதலால் நற்செய்திக்கு மட்டுமே இது ஏற்றது.

இரண்டு, நின்று காட்டும் சாளரம். செனிட்டி என்னும் நிரல், பயனாளர் பொத்தானை அழுத்தும் வரையில் நிற்கும் செய்திச் சாளரத்தைத் திறக்கும். பயனாளர் ஏதேனும் செய்ய வேண்டியிருக்கும் பிழைச் செய்திகளை இதன் வாயிலாகவே தெரிவித்தல் வேண்டும்.

மூன்று, முன்னேற்றப் பட்டை. வேலை நீண்ட நேரம் நடைபெறுமாயின், எவ்வளவு முடிந்தது என்பதைச் செனிட்டியின் பட்டை காட்டும். தொடர் தன் வெளியீட்டு வழியைச் செனிட்டியின் உள்ளீட்டு வழியுடன் இணைத்து, வரிக்கு ஓர் எண்ணாக அனுப்பினால், அவ்வெண் விழுக்காடாகக் கொள்ளப்படும். # குறியுடன் தொடங்கும் வரி, பட்டையின் மேல் சொற்களாகத் தோன்றும். நகலாகும் கோப்பின் பெயரை இவ்வாறு காட்டலாம்.

முன்னேற்றப் பட்டையில் நேரும் பிழைகள்

பட்டை கடைசி வரையில் 0-இலேயே நிற்பது பலர் காணும் குறை. பாஷ் முழு எண்களில் மட்டுமே கணக்கிடும். 7 படங்களில் 3 முடிந்திருக்கும்போது முதலில் 3-ஐ 7-ஆல் வகுத்தால் 0 கிட்டும். அதனை 100-ஆல் பெருக்கினாலும் 0 தான். முதலில் பெருக்கிப் பின்பு வகுத்தால் 300-ஐ 7-ஆல் வகுத்து 42 என்னும் சரியான விடை கிட்டும்.

பட்டை வேலைக்கு முன்னதாகவே முடிந்துவிடுவது மற்றொரு குறை. விழுக்காட்டை நகலெடுக்கும் வரிக்கு மேலே எழுதியிருந்தால், கடைசிப் படத்தைத் தொடங்கும்போதே 100 சென்றுவிடும். தானாக மூடும்படி அமைத்த பட்டை அப்பொழுதே மூடிக்கொள்ளும், படமோ நகலாகிக்கொண்டிருக்கும். பயனாளர் கார்டை உருவிவிட்டால் அப்படம் குறைபட்டுவிடும். ஆகவே விழுக்காட்டை நகலெடுக்கும் வரிக்குக் கீழே எழுத வேண்டும்.

மூன்றாவது குறை எண்ணிக்கையைப் பற்றியது. குழாய்க் குறியால் செனிட்டியுடன் இணைத்த பகுதி, பாஷ் தோற்றுவிக்கும் துணை ஓட்டத்தில் நடைபெறுகின்றது. அங்கே கூட்டிய எண்ணிக்கை வெளியே வருவதில்லை. இறுதியில் ‘0 படங்கள் நகலாயின’ என்று தோன்றும். தோல்வியுற்ற கோப்புகளின் பெயர்களை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைத்து, பட்டை மூடியபின் அதனைப் படித்து எண்ணுதல் இதற்குத் தீர்வாகும். பயனாளர் விலக்குப் பொத்தானை அழுத்தினால் செனிட்டி 1 என்னும் எண்ணுடன் முடிவுறும். அவ்வெண்ணைச் சோதித்து, ‘இடையில் நிறுத்தப்பட்டது’ என்று தனியே அறிவித்தல் வேண்டும்.

செய்தி மெய்யாக அமைதல்

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு முடிவு எண்ணை விட்டுச் செல்கின்றது. 0 என்பது வெற்றி. பிற எண்கள் தோல்வியின் வகையைக் குறிக்கும். பாஷில் 127 என்பது கட்டளை கிட்டவில்லை என்பதையும், 126 என்பது கிட்டியும் இயக்க இயலவில்லை என்பதையும் குறிக்கும். இவ்வெண் $? என்னும் குறியில் அமைந்திருக்கும். அடுத்த கட்டளை இயங்கியவுடன் இது மாறிவிடுமாதலால், நடுவில் ஓர் எக்கோ எழுதினாலும் பழைய எண் போய்விடும். உடனே அதனை எடுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

&& என்னும் குறியால் இணைத்த இரு கட்டளைகளில், முன்னது வெற்றி பெற்றால் மட்டுமே பின்னது இயங்கும். இதனைக் கொண்டு முன்கூறிய எடுத்துக்காட்டைப் பின்வருமாறு திருத்தலாம்:

1. கோப்புகளின் எண்ணிக்கை 0 எனில், அறிவித்து நிறுத்துக.
2. சேரும் கோப்புறையில் அதே பெயருடைய கோப்பு இருப்பின், அதனை மேலெழுதாமல் தோல்விப் பட்டியலிற் சேர்க்க. படக்கருவிகள் பலவும் நான்கு இலக்க எண்ணையே படத்திற்கு இடுவதால், 9999-க்குப் பின் பழைய பெயர்கள் மீண்டும் வரும்.
3. சி.பி. கட்டளையால் நகலெடுக்க. அது வெற்றி பெற்றால், சி.எம்.பி. கட்டளையால் மூலத்தையும் நகலையும் ஒப்பிடுக. இரண்டும் ஒன்றாயிருந்தால் சி.எம்.பி.யின் முடிவு எண் 0 ஆகும்.
4. இவ்விரண்டில் எது தோற்றாலும் பெயரைத் தோல்விப் பட்டியலிற் சேர்க்க. மூலத்தைத் தொடாதிருக்க.
5. பட்டை மூடியபின் பட்டியலைப் படிக்க. அது வெறுமையாயின் அறிவிப்பும், இன்றேல் தோல்வியுற்ற கோப்புகளின் பெயர்களுடன் நின்று காட்டும் சாளரமும் தருக.

மூலத்தை நீக்கும் வரி இத்திருத்தத்தில் இல்லை. நகலைக் கண்ணால் கண்டபின் பயனாளரே கார்டைத் துடைத்துக்கொள்வது, பயிற்சிக் காலத்தில் ஏற்ற வழியாகும். பென் டிரைவ் போன்ற சாதனத்திற்கு நகலெடுக்கும்போது மற்றொரு கவனமும் வேண்டும். சி.பி. முடிந்தபின்னும் சில தரவுகள் கணிப்பொறியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். சிங்க் என்னும் கட்டளை அவற்றைச் சாதனத்தில் எழுதி முடிக்கும். அதன் பின்னரே ‘சாதனத்தை எடுக்கலாம்’ என்று கூறுதல் தகும்.

செய்தியின் சொற்களும் கருதத் தக்கவை. ‘பிழை’ என்னும் ஒரு சொல் பயனாளருக்கு உதவுவதில்லை. ‘40 படங்களில் 38 நகலாயின, 2 நகலாகவில்லை, கார்டை அழிக்க வேண்டாம்’ என்பது போன்று, நேர்ந்தது இன்னது, எஞ்சியது இன்னது, செய்ய வேண்டுவது இன்னது என்னும் மூன்றையும் செய்தி கொண்டிருத்தல் வேண்டும்.

பயிற்றுவோருக்குச் சில பயிற்சிகள்

1. வெறும் கோப்புறை ஒன்றில் ‘வயல்’, ‘12’, ‘வயல் 12’ என்னும் மூன்று மாதிரிக் கோப்புகளை உண்டாக்குக. மேற்கோட் குறியுள்ள தொடரையும் இல்லாத தொடரையும் தனித்தனியே இயக்கச் செய்து, எக்கோவினால் பெயர்களை மட்டும் அச்சிட்டு வேறுபாட்டைக் காட்டுக.

2. நன்கு இயங்கும் தொடரின் இயக்க உரிமையை நீக்கி மாணவரிடம் தருக. மேற்கூறிய படிகளில் எந்தப் படியில் குறை வெளிப்பட்டது என்று எழுதச் செய்க.

3. சேரும் கோப்புறையின் எழுதும் உரிமையை நீக்கிவிட்டு, திருத்தாத தொடரில் ஆர்.எம். வரியை மட்டும் எடுத்துவிட்டு இயக்குக. ‘முடிந்தது’ என்னும் செய்தியை மாணவர் படித்தபின், சேரும் கோப்புறையைத் திறந்து காட்டுக.

4. திருத்திய தொடரையும் அதே நிலையில் இயக்கி, இருவகைச் செய்திகளையும் ஒப்பிடச் செய்க.

இவற்றுள் மூன்றாம் பயிற்சியை எவ்வகையிலும் விடுதல் கூடாது. மாதிரிக் கோப்பில் ஒருமுறை பொய்ச் செய்தியைக் கண்ட மாணவர், மெய்யான படங்களைக் கையாளும்போது முடிவு எண்ணைச் சோதியாமல் ‘முடிந்தது’ என்று எழுதத் துணியார். வேறொருவர் எழுதிய தொடரைப் பெற்று இயக்கும் களப்பணியாளரும் முதலில் அதனை மாதிரிக் கோப்புகளில், தோல்வியுறும் நிலையை வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதித்தல் நலம். அந்நிலையில் தோல்வியைத் தோல்வியென்று கூறும் தொடரையே அன்றாட வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.